பதினொன்றுக்குக் கீழ், பதின்மூன்றுக்குக் கீழ்

வியாழக்கிழமை காலை நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது என் கணவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கணவன் அதே சமையலறை மேசையில், எனக்கு எதிரே, காபி குடித்துக்கொண்டிருந்தான்.

'மதிப்பிற்குரிய மேலாளருக்கு' என்று தொடங்கியது அது. பதின்மூன்று வயதுக்குக் கீழ் பனி ஹாக்கி அணியின் கோல்கீப்பர் பிராடி, பனிவண்டியிலிருந்து விழுந்து கட்டைவிரலை முறித்துக்கொண்டதால், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு லாஸ்கி ஊரில் நடக்கும் மாநில இறுதிப் போட்டிக்குத் தங்களுடைய பதினோரு வயதுக்குக் கீழ் அணியின் கோல்கீப்பர் பிரினை இரவல் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, கிளென் மெல்னிக், பயிற்சியாளர்.

பிரின் எங்கள் மகள்.

கீழ்ப் பிரிவுப் பிள்ளையை மேல் பிரிவில் ஆட வைக்க வேண்டுமானால், அந்தப் பிள்ளையுடைய அணியின் மேலாளர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் அது நடுவர் மேசைக்குப் போய்விட வேண்டும். ஹாக்கிச் சங்கத்தின் விதி. மேலாளர் என்றால் சம்பளம் வாங்குகிற பதவி ஒன்றுமில்லை. செப்டம்பர் மாதக் கூட்டத்தில் எல்லாரும் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் தெரியாமல் தலையை நிமிர்த்திவிட்டேன், அவ்வளவுதான்.

"வாயைத் திறந்து கேக்க மாட்டியா?" என்றேன்.

"எழுத்துல இருக்கணும்னு விதி, மார்லா. நான் என்ன பண்ண?" என்றான், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்ணை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் மாநிலத்தில் எல்லா வயதுப் பிரிவுகளின் இறுதிப் போட்டிகளும் மார்ச்சில் ஒரே வார இறுதியில்தான் நடக்கும், பிரிவுக்கொரு ஊரில். அடுத்தடுத்த வயதுப் பிரிவில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தை இரண்டாகக் கிழிப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு. மூத்தவன் ரீட் எந்தப் பிரிவுக்கு ஏறினானோ அந்தப் பிரிவுக்கெல்லாம் கிளெனும் பயிற்சியாளராக ஏறினான். குளிர்காலம் முழுக்க அவர்கள் ஒரு திசையில், நானும் பிரினும் இன்னொரு திசையில். பிரின் கோல் வலைக்கு முன்னால் நிற்கத் தொடங்கி இது மூன்றாவது பருவம். அவள் அப்பா அவளை அங்கே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

முதல் வருடம் பிரின் கேட்டாள். இரண்டாம் வருடமும் கேட்டாள். இந்த வருடம், இறுதிப் போட்டிக்கான அறிமுக அட்டையில் 'உன் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்கள்' என்ற கோட்டில், 'அம்மா' என்று எழுதிவிட்டு மற்ற இடத்தில் ஒரு நாய் படம் வரைந்து வைத்திருந்தாள். எங்கள் நாயை அரங்கத்துக்குள் விடுவதில்லை.

அந்த அட்டை மூன்று நாளாக என் கைப்பையில் இருந்தது. கிளெனிடம் காட்டவில்லை. காட்டினால் வருத்தப்படுவான், நாலு நாள் எல்லாருக்கும் சமைப்பான், ஐந்தாம் நாள் மறந்துவிடுவான். பதினான்கு வருடமாக எனக்குத் தெரிந்த மனிதன்.

பிரினிடம் கேட்டேன். பெரிய பிள்ளைகளோடு ஆடப் பயமில்லை என்றாள். பிறகு தட்டில் இருந்த ரொட்டியைக் கிழித்தபடி, "அப்படின்னா அப்பா பெஞ்சுல இருப்பாருல்ல? நான் நிக்கறதைப் பாப்பாருல்ல?" என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலில் வெண்ணெய்க் கத்தியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. சொந்த மகள், அப்பா தன்னைப் பார்ப்பதற்காக இரவல் போகத் தயாராக இருக்கிறாள்.

பதில் எழுதினேன். 'மதிப்பிற்குரிய பயிற்சியாளருக்கு, தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. பிரினின் இறுதிப் போட்டி அதே ஞாயிறு காலை பத்து மணிக்கு ப்ராக்டனில். அது முடிந்ததும் படிவத்தில் கையெழுத்திடப்படும். ஆனால் கோல்கீப்பரை அழைத்துப்போகத் தாங்களே நேரில் வர வேண்டும். ஆட்டத்தின் முதல் நிமிடத்திலிருந்து.'

கிளென் படித்துவிட்டுத் தலைநிமிர்ந்தான். ப்ராக்டனிலிருந்து லாஸ்கி நூற்று நாற்பது கிலோமீட்டர், இறுதிப் போட்டி அன்றைக்கு என் அணிப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்றான். துணைப் பயிற்சியாளர் மர்ரே இருக்கிறார் என்றேன். நீயே அவளைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்றான். ஆட்டத் தாள் எழுதுவது, மிளகாய் பீன்ஸ் கிண்ணம் விற்கிற மேசை, பதினாறு பிள்ளைகளின் பதக்க நிகழ்ச்சி எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்வதானால் தாராளமாக என்றேன். கையெழுத்து என்னிடம் இருந்தது. ஒப்புக்கொண்டான்.

ஞாயிறு காலை அவன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆட்டம்தான் வரவில்லை. ஆடுதளத்துப் பனியை மெழுகும் வண்டிக்கு வெந்நீர் ஊற்றும் குழாய் உறைந்துபோய், ப்ராக்டன்காரர்கள் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்து அதை இளக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி ஆட்டம் பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. கிளெனுக்குப் பார்வையாளர் இருக்கையில் உட்காரவே தெரியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், கடைசியில் கண்ணாடித் தடுப்பின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நான் ஆட்டத் தாளோடு நேரக் காப்பாளர் பெட்டிக்குள் இருந்தேன். நடுவில் சின்னத் திறப்பு.

பிரின் சறுக்கி வந்து வலைக்கு முன்னால் நின்றாள். கம்பத்தை இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். வழக்கமாகப் பெட்டியைப் பார்த்து எனக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இன்று கண்ணாடி ஓரம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவர் ஊதியபிறகுதான் குனிந்தாள்.

கிளென் திறப்பின் வழியாகக் குனிந்து என்னிடம் கேட்டான்: "அவ ஏன் வட்டைப் பிடிக்கற கையுறையை வலது கையில மாட்டியிருக்கா?"

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"அவ வலது கையாலதான் பிடிப்பா, கிளென்."

"எப்பலேந்து?"

"பொறந்ததுலேந்து. சங்கத்துப் பையில இடக்கைக் கையுறைதான் இருந்துது. ரெண்டு வருஷம் அதை வெச்சே கஷ்டப்பட்டா. இதை நான் மூணு ஊரு அலைஞ்சு வாங்கினேன்."

அவன் முகம் போன போக்கை விவரிக்கவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று பிராடியின் கோல் உடுப்பு முழுவதையும் லாஸ்கி உடைமாற்றும் அறையில் எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறான், இடது கையால் பிடிக்கிறவனின் உடுப்பு. முப்பது வருடமாக இந்த ஆட்டத்தில் ஊறிய மனிதன், தன் மகள் எந்தக் கையால் பிடிக்கிறாள் என்று தெரியாமல் அவளை மாநில இறுதிப் போட்டிக்கு இரவல் கேட்டிருக்கிறான். கைப்பையிலிருந்து அந்த அறிமுக அட்டையை எடுத்துத் திறப்பு வழியாக நீட்டினேன். படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

மூன்று பகுதிகளும் முடிந்தபோது ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. மணி பன்னிரண்டு பத்து. பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பினால்தான் லாஸ்கிக்கு நேரத்தோடு போக முடியும். கூடுதல் நேரம் பத்து நிமிடம் ஆடினார்கள். யாரும் கோல் போடவில்லை. மறுபடியும் பனி மெழுக வேண்டும் என்றார்கள். அந்த வண்டிக்காரர் ஏதோ கோதுமை வயலை உழுவதுபோல நிதானமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பெட்டிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கிளெனின் கைபேசி ஓயாமல் அதிர்ந்தது. மர்ரே. எங்கே இருக்கிறாய், படிவம் எங்கே, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

பிரின் முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு தடுப்பின் பக்கம் சறுக்கி வந்தாள். முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

"அப்பா, நேரமாச்சு. நான் வேணா வந்துடறேன். இங்க வேற யாரையாவது நிக்க வெச்சுக்குவாங்க."

அவளுடைய குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. பத்து வயதில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கத் தெரிந்திருக்கக் கூடாது. போக வேண்டாம் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

கிளென் கைபேசியைக் காதில் வைத்தான். "மர்ரே, ரீட் கிட்ட குடு." ரீட் வந்தான். "நாங்க வரல. வந்தாலும் நேரத்துக்கு வர மாட்டோம். யாராவது ஒருத்தர் பிராடி உடுப்பைப் போட்டுக்கணும்." தானே போட்டுக்கொள்வதாக மறுமுனையில் ரீட் சொன்னான். கிளெனின் தோள் இறங்கியது. "சரிடா. ரொம்ப முன்னால வராத. வலையை ஒட்டியே நில்லு."

வைத்துவிட்டு மகளைப் பார்த்தான். "இந்த ஆட்டம் முடியாம யாரும் எங்கேயும் போகல. போய் நில்லு."

அவள் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டாள். இரண்டாம் கூடுதல் நேரத்தின் ஏழாம் நிமிடத்தில், ஒரு ப்ராக்டன் பெண் அடித்த வட்டு யாருடைய சறுக்குக் காலணியிலோ பட்டுத் திரும்பி, பிரினின் கால்களுக்கு நடுவே மெதுவாக, கேவலமாக உருண்டு உள்ளே போனது. தோற்றுவிட்டோம்.

வெள்ளிப் பதக்கத்தோடு வெளியே வந்த பிரின் நேராக அப்பாவிடம் போனாள். "கடைசி வட்டு என் தப்பு. காலைச் சேத்து வெச்சிருக்கணும்."

கிளெனின் வாய் திறந்தது. கால் மடிப்பைப் பற்றிய பாடம் ஒன்று பல் வரைக்கும் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. நான் அவனைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினான்.

"முப்பத்தோரு அடி தடுத்த," என்றான். "எண்ணிக்கிட்டே இருந்தேன்."

ஆட்டத் தாளில் இருபத்தெட்டுதான். நான் திருத்தவில்லை. அவன் அவளுடைய பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்றம் தாங்காமல் முகத்தைச் சுளித்தபடி நடந்தான்.

பதக்க மேசையையும் மீந்த பீன்ஸையும் இன்னொரு அம்மாவின் தலையில் கட்டிவிட்டு நானும் அவர்களோடு கிளம்பினேன். வழியெல்லாம் பனி வாரும் வண்டியின் பின்னால் ஊர்ந்தோம். லாஸ்கியில் நுழைந்தபோது கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. எட்டுக்கு ஒன்று. எங்கள் பக்கம்தான் ஒன்று. ரீட் பிராடியின் உடுப்புக்குள் மெத்தை சுற்றிய தூண்மாதிரி நின்று, வட்டு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பெஞ்சிலிருந்து மர்ரே எங்களைப் பார்த்த பார்வையில் எந்த நட்பும் இல்லை. பிரின் கண்ணாடியை ஒட்டி நின்று, "கண்ணைத் திறடா மக்கு," என்று தொண்டை வறளக் கத்தினாள். அவன் திறந்தான், அடுத்ததைத் தடுத்தான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினான். தோற்றது தன் அணிதான் என்பதை அவனுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

கையெழுத்திடாத படிவம் என் கைப்பையிலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை அதன் பின்பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது, எதிர் நாற்காலியிலிருந்து.

'மதிப்பிற்குரிய மேலாளருக்கு, அடுத்த பருவத்துக்கு ரீட் பதினைந்துக்குக் கீழ் பிரிவுக்கு ஏறுகிறான். நான் ஏறவில்லை. பதின்மூன்றுக்குக் கீழ் பிரிவிலேயே இருக்கிறேன். வலக்கையால் பிடிக்கும் கோல்கீப்பர் ஒருத்தி அங்கே வருவதாகக் கேள்வி. தங்களுக்கு ஆட்சேபணை உண்டா?'

ஆட்சேபணை இல்லை என்று எழுதி அனுப்பினேன். பிறகுதான் சங்கத்தின் அடுத்த வருட நாட்காட்டியைத் திறந்து பார்த்தேன். பதின்மூன்றுக்குக் கீழ், பதினைந்துக்குக் கீழ், இரண்டு இறுதிப் போட்டிகளும் மார்ச் மாதத்தில், அதே சனி, அதே ஞாயிறு. ஊர்கள் மட்டும் வேறு. இந்தத் தடவை இருநூறு கிலோமீட்டர்.

"கிளென்," என்றேன். "ரீட் எந்தக் கையால அடிப்பான்னு எனக்குச் சொல்லிக் குடு."