மருமகளின் ஒரே தமிழ்ச் சொல்

ஆனந்தமேரிக்குப் பெருமை தலைக்கேறி இரண்டு மாதமாகிறது. கப்பலில் வேலை பார்க்கும் மகன் கிளாட்வின், பிலிப்பைன்ஸ்காரி ரோவெனாவைக் கட்டிக்கொண்டு வந்து, உண்டாகியிருந்தவளை உப்பளம் பகுதியில் இருக்கும் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பக் கப்பலேறினான். மாமியாருக்கு இங்கிலீஷ் வராது, மருமகளுக்குத் தமிழ் வராது. ஆனால் வந்த அன்றே ரோவெனா தோட்டத்து மரத்தைக் காட்டி, "மங்கா" என்றாள். நம்முடைய மாங்காய்தான் அந்தக் காலத்து வியாபாரிகளோடு மலாய் நாட்டுக்குப் போய், அங்கிருந்து அவள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது என்று கிளாட்வின் விளக்கினான். போதாதா? மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் ஒருவரையும் ஆனந்தமேரி விடவில்லை. என் மருமகள் நம் பேச்சுப் பேசுகிறவள் என்று சொல்லித் தீர்த்தாள்.

மசக்கைக்காரிக்கு மாங்காய் கொடுக்காத வீடும் ஒரு வீடா? ஒருநாள் மத்தியானம் பச்சைக் காயைப் பறித்து, வடிந்த பாலைக் கழுவக்கூடப் பொறுமையில்லாமல், தோலோடு அரிந்து மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கொடுத்தாள். தின்று முடித்த ரோவெனா தட்டைக் காட்டினாள், தொண்டையைத் தொட்டாள், வேகமாக ஏதேதோ சொன்னாள். அதில் ஆனந்தமேரிக்குப் புரிந்தது "மங்கா" ஒன்றுதான். ஆசைப்படுகிறாள் என்று இன்னொரு காயை அரிந்தாள். அவள் முகத்தைத் திருப்பியதை வெட்கம் என்று நினைத்து, ஒரு துண்டை வாயில் ஊட்டியும் விட்டாள்.

சிறிது நேரத்தில் உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது.

எதிர்வீட்டு இராமதாஸின் ஆட்டோ கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. மடியில் கிடந்தவளின் நகம் நீலம் பூத்திருப்பதைப் பார்த்து ஆனந்தமேரி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு உயிர், மாதாவே, இரண்டு உயிர். ஜெபத்தின் அடுத்த வரி வாயில் வரவில்லை.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம், சொல்லாவிட்டால் செத்துவிடுவாளே என்ற பயம் மறுபக்கம்.

"மாங்கா டாக்டர். நான்தான் ஊட்டுனேன். தொண்டையப் புடிச்சிக்கிட்டு மாங்கா மாங்கான்னா. கேக்கறான்னு நெனச்சிட்டேன்."

ஊசி ஏறியது. நெடுநேரம் கழித்து நர்ஸ் வந்து, மூச்சு சீராகிவிட்டது, குழந்தைக்கும் நாடி நன்றாக இருக்கிறது என்றார். சில உடம்புக்குத் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமாம். ஆனந்தமேரி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

போனில் கிளாட்வின், அவள் பேசியது உனக்கு எப்படிப் புரியும், அந்த ஒரு வார்த்தைதானே உனக்குத் தெரியும் என்று தேற்றினான்.

"அது கெடக்கட்டும்டா," என்றாள் ஆனந்தமேரி. "வேணாம்ங்கறதுக்கு அவ பாஷையில என்னா? மொதல்ல அதச் சொல்லு."