செவக்காட்டூரில் வெடிச்சத்தம் கேட்பதில்லை

செவக்காட்டூரில் பதினெட்டு வருடங்களாக எந்த வெடியும் சத்தம் போடுவதில்லை. திரி பிடிக்கும், தாள் சிதறும், புகை எழும், கந்தக வாடை தெருவுக்குப் போதுமான அளவு இருக்கும். சத்தம் மட்டும் வராது. ஊர் எல்லையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் எல்லா ஊரையும் போலத்தான். இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு உள்ளே வெடிப்பதும் கேட்காது, வெளியே வெடிப்பதும் கேட்காது. பேச்சு கேட்கும், மிக்ஸி கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். ஐப்பசியில் மின்னல் வெட்டும்போது இடி வேப்பமரத்தோடு நின்றுவிடும். ஊருக்குள் டயர் வெடித்த வண்டிக்காரர்கள் அது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டிப் போய், வண்டி ஒரு பக்கம் இழுத்த பிறகு இறங்கிப் பார்ப்பார்கள்.

இதை முதலில் கவனித்தது காளிராஜின் கம்பெனி. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருந்த காளிராஜுக்குச் செவக்காட்டூரில் ஒரு குடோன் இருந்தது. லோடு ஏற்றும் முன் சில வெடிகளை எடுத்துக் குடோனுக்குப் பின்னால் பொட்டலில் கொளுத்திப் பார்ப்பது வழக்கம். அந்த சீசனில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. மருந்து நமத்துப்போய்விட்டது என்று முடிவு செய்தார்கள். மழை இல்லாத காரணத்தாலேயே இந்தத் தொழில் வந்து சேர்ந்த சீமையில் மருந்து நமப்பது லேசில் நடக்காது. இருந்தும் ஃபோர்மேன் மருந்து கலந்தவர்களைத் திட்டினார், கலந்தவர்கள் திரி செருகிய பெண்களைக் கைகாட்டினார்கள், பெண்கள் வானத்தைக் கைகாட்டினார்கள். புதிதாகக் கலந்ததும் வாய் திறக்கவில்லை. மூன்று லோடு நல்ல வெடியைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு அழித்தார்கள். கடைசியில் லாரி டிரைவர் இசக்கிப்பாண்டி, ஆனைக்குட்டம் அணைப் பக்கம் வண்டியை எட்ட நிறுத்திவிட்டுக் கரையில் நடந்துபோய் ஒன்றைக் கொளுத்திப் போட்டார். கொக்குகள் அத்தனையும் பறந்தன. அவர் முதலாளிக்கு போன் செய்தார். "மருந்துல ஒண்ணுமில்ல மொதலாளி, ஊருலதான் கோளாறு" என்றார். காளிராஜ் வெடித்துப் பார்க்கும் இடத்தை மாற்றிக்கொண்டார். ஊரைப் பற்றி அவருக்கு வேறு குறை இல்லை.

ஊர்க்காரர்கள் பின்னோக்கி யோசித்தபோது, தலைவர் கொலையான சாயங்காலத்திலிருந்து இப்படி என்று தெரிந்தது.

தலைவர் என்றால் வெள்ளைத்துரை. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்களைச் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே சங்கத்தில் சேர்த்தவர். செவக்காட்டூரும் பக்கத்து ஊரான நெட்டூரணியும் ஒரே தண்ணீர் லாரியில் பிடிக்கும்படி செய்தவர். அவரிடம் ஒரு குறை இருந்தது. வெடிச்சத்தம் அவருக்கு ஆகாது. சின்ன வயதில் ஆலையில் தீப்பிடித்த அறையிலிருந்து ஆள் தூக்கியவர் என்பார்கள். தீபாவளி அன்று உள்ளறையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். பட்டாசுக்காரனுக்குத் தலைவரு பட்டாசுன்னா கட்டிலுக்கு அடியில போயிருவாரு என்று அவர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவருடைய மகன் பாண்டியின் மகள் வேல்விழி. இப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். தாத்தாவைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பதெல்லாம் சில்லறைச் சங்கதிகள். சட்டைப் பையில் காகிதம் சுற்றாமல் போட்டு வைக்கும் சாத்தூர் சேவு. அந்தப் பைக்குள் அவள் கைவிடும்போது சேவோடு சேர்ந்து வரும் பஸ் டிக்கெட். மேடையில் பேசப்போவதை ஜீப்பில் அவளிடம் பேசிப் பார்ப்பது. அவள் கொட்டாவி விட்டால் அந்த இடத்தை நீக்கிவிடுவது. ஊர்வலத்தில் யாராவது திரி கிள்ளுவதைப் பார்த்தால், தன் காதை விட்டுவிட்டு அவள் காதைப் பொத்துவது. வருடா வருடம் நினைவு நாளில் கட்சிச் செயலாளர் புகழேந்தி அவளை மேடையேற்றிப் பேசச் சொல்வார். அவள் சேவைப் பற்றிப் பேசுவாள். "அதெல்லாம் மேடைல சொல்ற விசயமா தாயி, ரத்தம் கொதிக்கிற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க" என்பார் அவர். அவளுக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்று சொல்லி இறங்கிவிடுவாள்.

கொலை நடந்தது இப்படி. ஒன்றிய சேர்மன் தேர்தலில் வெள்ளைத்துரை ஜெயித்தார், நெட்டூரணி ஒச்சப்பன் தோற்றார். விருதுநகரில் பதவியேற்றுவிட்டு ஜீப்பில் திரும்பியவரை வேப்பமரத்தடியில் வரவேற்றார்கள். வேண்டாம் என்று அவர் எத்தனை தடவை சொல்லியும் பத்தாயிரம் வாலா சரம் விரித்திருந்தார்கள். தலைவர் வந்தால் சரம் போடுவது அந்தப் பக்கத்து மரியாதை. போடாவிட்டால் தலைவருக்கு ஆள் இல்லை என்று பேச்சு வரும். பக்கத்தில் எட்டு வயது வேல்விழி நின்றாள். சரம் பிடித்ததும் எல்லோரும் பின்வாங்கினார்கள். அந்தப் புகையிலும் சத்தத்திலும் மூன்று பேர் அரிவாளோடு வந்தார்கள். அவர் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. சரம் பாதி ஓடியபோது சத்தம் நின்றது. தாள் மட்டும் கடைசிவரை சிதறிக்கொண்டே இருந்தது. தலைவர் வெறுங்கையோடு எதிர்த்துப் போராடி விழுந்தார் என்று புகழேந்தி எல்லா மேடையிலும் சொன்னார். சிலை வைத்தபோது வலது கையை ஓங்கியபடி வைத்தார்கள்.

அடுத்த கோடையில் ஒச்சப்பனின் தம்பி சாத்தூர் போகும் வழியில் வெட்டுப்பட்டுச் செத்தார். அதோடு இரண்டு ஊருக்கும் தனித்தனிப் பிணம் ஆயிற்று. வைக்கோல் படப்புகள் எரிந்தன. நெட்டூரணி பஸ் செவக்காட்டூருக்குள் வராமல் சுற்றிப் போனது. ஒருமுறை கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. சத்தம் வராததால் யாரும் பயப்படவில்லை. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்ததைக் கண்டு கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு கல்லெறிய ஒருவருக்கும் மனம் வரவில்லை, கலைந்துபோனார்கள். தலைவர் கொலை வழக்கில் ஒச்சப்பனுக்கு ஆயுள் தண்டனை. பதினாலு வருடம் கழித்து, சர்க்கரை வியாதியோடு வெளியே வந்தார்.

இதற்கிடையில் தீபாவளி நெருங்கினால் செவக்காட்டூருக்கு நாய்கள் வர ஆரம்பித்தன. விஸ்வநத்தத்திலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் தாமாகவே நடந்து வந்து சிலையடியில் படுத்துக்கொண்டன. அப்புறம் சினைமாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் பச்சைப்பிள்ளைக்காரிகள், நெஞ்சுவலிக்காரர்கள், சத்தம் ஒவ்வாத பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஊர் அவர்களுக்குக் கட்டில் போட்டது. யாரும் வாடகை கேட்கவில்லை. வந்தவர்கள் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்கள் மாதிரி, வருடம் தவறாமல் வருகிறவர்கள் உண்டானார்கள். சிவகாசியில் பட்டாசு முதலாளிகளின் வீட்டுப் பெண்களே ஏசி காரில் வந்து பிள்ளையோடு தங்கினார்கள். பாண்டியின் மனைவி மாரித்தாய்தான் எல்லோருக்கும் இடம் ஒதுக்குவாள். நெட்டூரணியிலிருந்து மட்டும் யாரும் வந்ததில்லை. அங்கே செவக்காட்டூர் பக்கம் பார்த்துக் கூடுதலாகவே வெடிப்பார்கள். செவக்காட்டூருக்கு அது கேட்காது என்பது தெரிந்தும் வெடிப்பார்கள்.

இந்த வருடம் தீபாவளிக்கு மதியம் மூன்று மணிக்கு ஓர் ஆட்டோ வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அதற்குமேல் வரமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். இறங்கியவள் ஒச்சப்பனின் மகள் பொன்மணி. துண்டில் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. திடுக்கிட்டால் மூச்சை நிறுத்திவிடும். ஊரில் வெடி தொடங்கிய பிறகு இரண்டு தடவை நீலமாகிப் போயிருந்தது. இன்று ராத்திரியை அது தாண்டுமா என்று டாக்டர் சொல்லவில்லை; சத்தமில்லாத இடத்தில் வையுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆட்டோவுக்குப் பின்னால், நல்ல தூரம் விட்டு, ஒச்சப்பன் நடந்து வந்துகொண்டிருந்தார்.

பாண்டி மரத்தடிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஊர் வந்தது.

"யாரு வீட்டுப் பொண்ணு?"

"தெரிஞ்சுதானண்ணே கேக்கீக."

"சாத்தூருல பெரியாஸ்பத்திரி இருக்குல்ல. அங்கன போக வேண்டியதுதான."

"அங்க வாசல்லயே வெடிக்காகண்ணே. நேத்துப் போயிட்டுத்தான் வாரேன்."

"இம்புட்டு வருசம் எங்களப் பாத்து வெடிச்சீகள்ல. அப்ப தெரியலையா?"

பொன்மணி பிள்ளையின் காது தெரியாதபடி துண்டை இழுத்துவிட்டாள். கூட்டத்தில் இளவட்டங்கள் இருவர், ஒச்சப்பன் வருகிற பக்கமாகப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். புகழேந்தி போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். மாரித்தாய் முன்னால் வந்தாள்.

"முந்தாநேத்து எங்கிருந்தோ வந்த நாயிக்குச் சாக்கு விரிச்சு, கால் நீட்ட எடம் பத்துமானு பாத்த மனுசந்தான் இது. பிள்ளைக்கு எடம் இல்லையாம்."

"நாயி எங்கப்பன வெட்டல" என்றார் பாண்டி.

"இந்தப் பிள்ளையும் வெட்டல."

"நீ சும்மா இரு. அந்த ரத்தம் இந்த எல்லையில கால் வைக்கக் கூடாது."

வேல்விழி அதிரசம் தட்டிக்கொண்டிருந்த கையோடு வந்திருந்தாள். அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். பொதுவாக அவள் சத்தமாகப் பேசுவதில்லை; அப்போதும் பேசவில்லை.

"அன்னைக்கு என் மூஞ்சியக் கழுவிவிட்டது யாருப்பா?"

பாண்டி அவளைப் பார்த்தார். "இப்ப எதுக்கு அது?"

"நீங்கதான் கழுவுனீக. அடிபம்புல வச்சு. மூஞ்சி, தலை, கழுத்து, எல்லாம் ரத்தம். ரெண்டு பக்கமும் காது மட்டும் எப்படி இருந்துச்சு?"

ஊர் பாண்டியைப் பார்த்தது. பதினெட்டு வருடங்களாக அவர் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை, கோர்ட்டிலும் சொன்னதில்லை. அன்று அடிபம்படியில் அவர் பிள்ளையின் முகத்தைத் திருப்பியபோது, இரண்டு காதையும் சுற்றி ஐந்து விரலும் உள்ளங்கையுமாக இரண்டு கைகளின் அளவுக்குத் தோல் சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு துளிகூடப் படவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரை அள்ளி ஊற்றினார். தலைவர் யாரையும் எதிர்க்கவில்லை. எதிர்க்க அவருக்குக் கை இருக்கவில்லை. முதல் வெட்டு விழுந்த பிறகும் அவர் பிள்ளையின் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சுத்தமா இருந்துச்சு" என்றார் பாண்டி.

"இப்ப அவரு இங்கன நின்னா கைய எங்கப்பா வைப்பாரு?"

புகழேந்தி போனைக் காதிலிருந்து எடுத்தார். மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது. பாண்டி மாரித்தாயிடம், உள்ளறைக் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கிறது, வேறு கட்டிலைப் போடு என்று சொல்லிவிட்டுச் சினைமாடுகளைக் கட்டியிருந்த பக்கம் போய்விட்டார். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் இறக்கிவிட்டார்கள். வேல்விழியின் கையில் மாவு இருந்ததால் பிள்ளையை அவள் வாங்கவில்லை. முன்னால் நடந்தாள். பொன்மணி வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் நின்று, காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் தலையை ஆட்டிப் பார்த்தாள். எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்றாள் மாரித்தாய். காபி குடித்தால் சரியாகிவிடும் என்றாள்.

இருட்டியது. நெட்டூரணிக்கு மேலே வானம் பச்சையும் சிவப்புமாகப் பூத்து அடங்கியது. செவக்காட்டூரில் கொசு பறப்பது கேட்டது. விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். இந்த வருடம் பேன்சி ரகம் நன்றாக இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். பாண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு எல்லைப் பக்கம் வந்தார். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஒச்சப்பன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டிருக்க மாட்டார். வெடி விழும்போதெல்லாம் அவர் தோள் தூக்கிப்போட்டது. இந்தப் பக்கம் நின்ற பாண்டிக்கு, ஒன்றுமில்லாததற்கு ஒரு கிழவன் துள்ளுவதாகத் தெரிந்தது. அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். கொல்ல வேண்டும் என்று பதினெட்டு வருடங்களாக நினைத்திருந்த ஆள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்.

"ரோட்டுல உக்காந்தா வண்டிக்காரன் ஏத்திட்டுப் போயிருவான்" என்றார் பாண்டி. "தள்ளி உக்காரும்."

ஒச்சப்பன் நிமிர்ந்து பார்த்தார். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கையூன்றி எழுந்து, மரத்தைத் தாண்டி நாலடி இந்தப் பக்கம் வந்து மறுபடி உட்கார்ந்தார். அவர் தோள் அடங்கியது.

"பிள்ள?" என்றார்.

"தூங்குது."

நெட்டூரணியில் பெரிய சரம் ஒன்று கொளுத்தியிருப்பார்கள் போல. அந்தப் பக்கம் வெகுநேரம் வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது.