அக்கா போட்ட விண்ணப்பம்

ஆபீசில் அவனுக்குக் கில்லாடி என்று பெயர். வெப்சைட்டில் என்ன வேண்டுமென்று கேட்டாலும் சரி, அதற்கொரு மாட்யூல் எழுதி, பொருத்தி, ஓடவிட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். பெரிய கில்லாடி! அந்தத் திமிர்தான் வினையாகப் போயிற்று.

ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட்டுக்கு வேலை விண்ணப்ப மாட்யூல் செய்தது அவன்தான். அங்கே கணக்கு டீச்சர் வேலை காலி என்று அக்காவிடம் சொன்னவனும் அவன்தான். படுத்த படுக்கையான அம்மாவைப் பார்ப்பதற்காக டீச்சர் வேலையை விட்டவள் அக்கா. பதினோரு வருஷம் பார்த்தாள். போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். இந்த வருஷத்தோடு அக்காவுக்கு வயது வரம்பும் தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வழி கிடையாது.

“தம்பி, நேர்லயே போய்க் குடுத்துட்டு வந்துடட்டுமா?”

“எந்தக் காலத்துலக்கா இருக்க? பட்டனைத் தட்டு, போயிடும். நான் செஞ்ச ஃபாரம், சும்மாவா?”

அக்கா மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத் தட்டினாள். ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று திரையில் வந்தது. அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்து வாரம் ஓடியது, ஒரு பதிலும் இல்லை. அவள் கேட்கும்போதெல்லாம், “மெதுவாத்தான் பார்ப்பாங்கக்கா” என்பான்.

ஆறாவது வாரம் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா ஆபீசுக்குப் போன் செய்தார்.

“உங்க ஃபாரம் வழியா ஒண்ணுகூட வரலையே சார்! நேர்ல வந்தது நாலுதான். அதுல ஒருத்தரை எடுத்து ஆர்டரும் குடுத்தாச்சு. அடுத்த தடவைக்காவது சரி பண்ணி வைங்க.”

போனை வைத்த கையோடு செட்டிங் பக்கத்தைத் திறந்தான். ‘சோதனை முறை’ என்ற கட்டத்தில் டிக் அப்படியே இருந்தது. சோதித்துப் பார்க்கிற சமயத்தில் தலைமையாசிரியருக்குக் குப்பை மெயில் போகக்கூடாதென்று, எல்லாவற்றையும் யாருமே திறக்காத ஒரு மெயில் பெட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தான். பிறகு செட்டிங்குகளை மொத்தமாக அள்ளி அசல் வெப்சைட்டில் கொட்டினானே, அந்த டிக்கும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டது. மெயில் பெட்டியில் அறுபத்தொரு விண்ணப்பங்கள் கிடந்தன. மூன்றாவது அக்காவுடையது.

விஷயத்தைக் கேட்ட மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “டிக்கை எடுத்துட்டுப் பேசாம இரு. சர்வர் பிரச்சினைன்னு நான் சொல்லிக்கிறேன். வாயைத் திறந்தே, உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு.”

டிக்கை எடுத்தான். ஒரு நொடி வேலை.

வீட்டுக்கு வந்ததும், “வேற ஆளை எடுத்துட்டாங்களாம்க்கா” என்றான்.

அக்காவின் முகம் செத்துப்போய்விட்டது. “என்கிட்ட என்ன குறைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷம் வீட்ல சும்மா இருந்தவதானேன்னு ஒதுக்கிட்டாங்க போல.”

இதோ, இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பாவி, விழுங்கிவிட்டான்.

“அறுபத்தொரு பேர் ஃபாரம் போட்டிருந்தாங்கக்கா.”

“அறுபத்தொரு பேரா! அப்ப நானெல்லாம் எந்த மூலைக்கு?” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீ எதுக்குடா மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்க? உன்னால ஆனதை நீ செஞ்சே” என்று அவனைத் தேற்ற ஆரம்பித்தாள்.