சல்ஃபா ஆற்றுக்கு எத்தனை மீட்டர்?

சல்ஃபா ஆற்றில் வருஷம் முழுக்க ஆடுகள்தான் ஓடும். எப்போதாவது ஒரு நாள் தண்ணீர் வரும். வந்தால் ஆடு, மேய்ப்பவன், பாலம் என்று பேதம் பார்க்காது. பழைய பாலம் அப்படித்தான் போனது. புதுப் பாலம் எத்தனை உயரம் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் காஃப்ஸா நீர்வள அலுவலகப் பொறியாளர் நஜாத் தர்பாலி. அக்கரைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட பஸ் அதன் மேல்தான் போக வேண்டும். நாளைக்குப் பாலம் போனால் யாரும் ஆற்றைத் தேடி வரமாட்டார்கள், கையெழுத்தைத் தேடித்தான் வருவார்கள்.

அவளுக்கு உதவி என்ற பெயரில் இயக்குநர் லமீன் ஷ்திவி, தலைநகரிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்திருந்தார். ஒரே சந்தில் இரண்டு ஹரிஸா மிளகாய் விழுதுக் கடை வைத்த மாதிரி ஆயிற்று அந்தக் கூட்ட அறை.

பேராசிரியர் முக்தார் ஸ்கோலி அளவுகோல் கட்சி. வெள்ளத்தைக் கணிக்கும் மாடல்கள் நாலை வரிசையில் நிறுத்துவார். பழைய அளவீடுகளோடு எது எவ்வளவு ஒட்டுகிறது, அப்படி ஒட்டுவதற்கு எத்தனை சிக்கலைக் கூட்டிக்கொண்டது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடுவார். எண் குறைந்தவன் மாப்பிள்ளை. வந்த நாலு பேருமே குடிகாரர்கள் என்றால்? குறைவாகக் குடிப்பவன் மாப்பிள்ளை. அதற்கு மேல் அளவுகோல் விசாரிக்காது.

டாக்டர் ஃப்ரஜ் பூகன்மி பொருத்தச் சோதனைக் கட்சி. இவர் ஒவ்வொரு மாடலையும் தனியாகக் கூப்பிட்டு, அளவீட்டோடு பொருந்துகிறாயா, இல்லையா என்று மிரட்டுவார். குற்றத்துக்குச் சாட்சி கிடைத்தால் மாடல் தள்ளுபடி, கிடைக்காவிட்டால் பாஸ். சல்ஃபாவில் அளவீடு எடுக்க ஆரம்பித்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறது, ஆகவே சாட்சிக்குப் பஞ்சம். நாலு மாடலும் நிரபராதி என்று விடுதலை ஆகிவிட்டன.

"ரெண்டாவது மாடல்தான் முதலிடம்," என்றார் முக்தார். "அதன்படி மூணு மீட்டர் போதும்."

மூணு என்றதும் இயக்குநரின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. உயரம் குறைந்தால் சிமெண்ட் குறையும்.

"முதலிடமாம், முதலிடம்!" என்றார் ஃப்ரஜ். "நாலுமே என் சோதனையில பாஸ். பாஸானதுக்கப்புறம் ரேங்க் பாக்கறது பள்ளிக்கூடத்துப் பசங்க வேல."

"உங்க சோதனையில ஒட்டகத்த விட்டாலும் குதிரைன்னு பாஸ் போட்ருவீங்க, டாக்டர்."

"நாலு கழுதைய நிறுத்தினா ஒண்ணு கழுத்துல பந்தய மாலை போடறவர் நீங்க, புரொபசரே."

ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்வது இரண்டுமே உண்மை என்பது நஜாத்துக்குத் தெரியும். கைரவானில் கம்பளக் கடைக்குள் வளர்ந்தவள் அவள். எதிர்க்கடைக்காரன் சொல்லும் குறைகளைக் கேட்டாலே போதும், சரக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

"நாலும் பாஸ்னா நமக்கு வசதியானத எடுத்துக்கலாம்," என்று இயக்குநர் தாளை நகர்த்தினார். "மூணு மீட்டர். கையெழுத்துப் போடுங்க நஜாத்மா."

"சார், பழைய பாலத்தக் கொண்டுபோன வெள்ளம் இந்தக் கணக்குல எங்க இருக்கு?"

முக்தார் புதினா டீயை உறிஞ்சினார். "அந்த வருஷத்துக்கு அளவு இல்லம்மா."

"ஏன் இல்ல? ஆத்துல நின்ன அளவுக்கம்பத்தையும் அந்த வெள்ளம் கொண்டுபோயிடுச்சே! அளவு இல்லன்னு நீங்க அந்த வருஷத்தையே தூக்கிட்டீங்க. கரையில இருக்கற எண்ணெய்ச் செக்குச் சுவர்ல சேத்துக் கோடு இன்னும் இருக்கு. நானே போய் அளந்தேன். ஆத்துப் படுகையிலேர்ந்து அஞ்சு மீட்டர்."

இரண்டு மடிக்கணினிகளும் திறந்தன. முக்தார்தான் முதலில் துள்ளினார்.

"பாத்தீங்களா! இந்த வெள்ளத்தச் சேத்தா எண் எகிறிடுது. சேக்காதப்ப குறைச்சலா இருந்துச்சு. அளவுகோல் தெளிவா சொல்லுது, வெள்ளம் இல்லாத கணக்குதான் சிறந்தது."

இதே தவறை முதல் வருஷ மாணவன் செய்தால் வகுப்பை விட்டே துரத்துகிறவர் அவர். ஒரே கூடைப் பழத்தை நாலு தராசில் நிறுக்கத்தான் அந்த அளவுகோல். அவரோ கூடையிலிருந்து பெரிய பழத்தை எடுத்துவிட்டு, எடை குறைந்துவிட்டது பார் என்று குதூகலித்தார்.

"எனக்கு அந்தத் தொந்தரவே இல்ல," என்றார் ஃப்ரஜ். "வெள்ளத்தச் சேத்தும் ரெண்டாவது மாடல் பாஸ்!"

"அந்த மாடல்படி அஞ்சு மீட்டர் வெள்ளம் எத்தன வருஷத்துக்கு ஒருக்கா வரும், டாக்டர்?"

ஃப்ரஜ் தட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஒம்பதாயிரம்."

"அதான் வந்துட்டுப் போயிடுச்சே," என்றார் இயக்குநர் உற்சாகமாக. "இனிமே ஒம்பதாயிரம் வருஷத்துக்குக் கவல இல்ல!"

காலையிலிருந்து கடித்துக்கொண்டிருந்த இருவரும் முதல் முறையாக ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். செக்குச் சுவர்க் கோட்டை நம்ப முடியாது, அது மற்ற அளவுகளோடு ஒட்டாமல் விலகிய புள்ளி, நீக்கிவிடலாம் என்றார்கள். பாலத்தை நீக்கிய வெள்ளத்தை ஒரே நிமிஷத்தில் நீக்கிவிட்டார்கள்.

சரக்கைப் பற்றி வாதாடிப் பிரயோஜனமில்லை என்ற கட்டம் கடையிலும் வரும். அப்போது நஜாத்தின் அப்பா, இவ்வளவு நல்ல கம்பளத்தை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்களேன் என்பார். நஜாத் தாளின் அடியில் ஒரு வரி எழுதினாள்: 'பாலம் போனால் நானே பொறுப்பு.' எழுதிவிட்டு முக்தார் பக்கம் தள்ளினாள்.

"மூணே இருக்கட்டும். ஆனா இது உங்க கணக்கு, நீங்களே கையெழுத்துப் போடுங்க. நிபுணர் போட்டா செல்லும்னு விதியில இருக்கு."

முக்தார் பேனாவைத் திறந்தார். வரியைப் படித்தார். பேனா காற்றில் நின்றது.

"மாடல்னா... ஒரே எண்ண அப்படியே எடுக்கக் கூடாது. மேல் எல்லைன்னு ஒண்ணு இருக்கு. நாலு மீட்டர்னு வெச்சுப்போம்." பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டர் போடட்டும், என்ன விட மூத்தவர்," என்றார்.

"யாரு மூத்தவர்?" என்று ஃப்ரஜ் பதறினார். "பாதுகாப்புக்குன்னு கொஞ்சம் கூட்டறது வழக்கம். நாலரை. புரொபசர் போடட்டும்."

"அஞ்சு."

"சேறு, மரம் எல்லாம் அடிச்சிட்டு வரும். அஞ்சரை."

பேனா தாளை நெருங்கும்போதெல்லாம் பாலம் உயர்ந்தது. "அட, இது என்ன ஆட்டுச் சந்தையா?" என்று இயக்குநர் கத்தினார். ஆறு மீட்டர் ஆனபோது இருவருடைய பேனாவும் சட்டைப் பைக்குள் போயிருந்தன.

நஜாத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த வரியை அடிக்கவில்லை. ஆறு என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள்.

"ஆறா?" என்றார் இயக்குநர். "அமைச்சகத்துல கேட்டா எந்த முறைப்படின்னு சொல்றது? அளவுகோலா, சோதனையா?"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட பயந்த முறைப்படின்னு சொல்லுங்க சார்."

இயக்குநர் முத்திரையைக் கையில் எடுத்தார். வைக்க மனமில்லை. "கொஞ்சம் குறைக்க முடியாதாம்மா?"

"தாராளமா குறைக்கலாம்," என்று பேனாவை அவர் பக்கம் நீட்டினாள் நஜாத்.

முத்திரை தொப்பென்று விழுந்தது.