பூவுக்கு விட்ட புதுத்தண்ணி

நாகநாதனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஜெயபாரதி முடிவு கட்டி ஆறு வருஷம் ஆகிறது. புருஷன் முதல் உப்பு மூட்டையைப் பார்சலில் வரவழைத்த அன்றைக்குக் கட்டிய முடிவு. பின்னே என்ன? வீடு தரங்கம்பாடிக்குப் பக்கம், காவேரித் தண்ணி கடைசியாக வந்து சேரும் கடைமடை. காற்று திரும்பினால் அலைச்சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். கடல் ஏறி ஏறி வயலோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது. இந்த மனுஷன் என்னடாவென்றால், நல்ல தண்ணியை வடிகட்டி, அதில் காசு கொடுத்து வாங்கிய உப்பைக் கரைத்து, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ரொப்பி வைத்துக் கும்பிடாத குறையாக உட்கார்ந்திருக்கிறார். கரையோரத்துக் கடல்தண்ணி அழுக்காம், மீனுக்கு ஆகாதாம். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

தொட்டிக்குள்ளே கல், கல்லின் மேல் மெத்துமெத்தென்று பவளம், நடுவில் தாம்பாள அகலத்துக்கு ஓர் அனிமோன். விரல் விரலாக ஆடிக்கொண்டிருக்கும். அது செடி இல்லை, கடல் பிராணி என்பார். வீட்டில் அதற்குப் பேர் பூ. பூவுக்குள்ளே ஒரு ஜோடி ஆரஞ்சு மீன் குடித்தனம் நடத்தியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் வாத்தியார் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வயலுக்கு ஆள் விடுவது, தண்ணி கட்டுவது எல்லாம் ஜெயபாரதி தலையில். "போர் தண்ணி கரிக்குதுங்க" என்று சொன்னால் "ம்" என்பார். கண் மட்டும் தொட்டியை விட்டு நகராது. அவளுக்கோ அந்தப் பூவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். சக்களத்தியை யார் நின்று பார்ப்பார்கள்? அவளும் பார்த்ததில்லை.

ஆடியில் அவர் பயிற்சி வகுப்புக்குச் சென்னை போக வேண்டி வந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"மீனுக்கு மட்டும் தீனி போடு பாரதி. பூவைப் பத்திரமாப் பாத்துக்க. அது போச்சுன்னா எனக்குத் தாங்காது."

கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல். மனுஷன் தன் உடம்புக்குக்கூட இப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு என்னமோ செய்தது.

அன்று சாயங்காலம் தொட்டி விளக்கு தானாக அணைந்த பிறகு, முதல் தடவையாகத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். பூவைக் காணோம். இருந்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருண்டு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் இரண்டும் வெளியே நின்றன. தொட்டி விளிம்பைப் பார்த்தாள். வெள்ளை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

இந்த வெள்ளையை அவளுக்குத் தெரியாதா? அவருக்குப் போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தார். யாரைக் கேட்பது? கேட்கவும் என்ன இருக்கிறது? வயலில் உப்பு ஏறினால் தேங்கின தண்ணியை வடித்துவிட்டு, ஆற்றுத்தண்ணியை விட்டு அலச வேண்டும். வாய்க்காலில் புதுத்தண்ணி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. விடிந்ததும் வயல் வேலைக்கு வரும் வேம்புவைக் கூப்பிட்டுக் குடம் குடமாகக் கொண்டுவரச் சொன்னாள். தெளியவைத்து, வேட்டியில் வடிகட்டி, தொட்டியில் பாதியை இறைத்துவிட்டுக் காவேரியை ஊற்றினாள்.

மத்தியானம் விளக்கு எரிந்தும் பூ விரியவில்லை. தொங்கிப் போயிருந்தது. ஒன்றும் புரியவில்லை அவளுக்கு. அலசினது பத்தவில்லையோ என்று இன்னும் இரண்டு குடம் விட்டாள்.

மறுநாள் வந்தவர் பையை வைத்த கையோடு தொட்டித் தண்ணியில் ஒரு சொட்டு எடுத்து, உப்பு பார்க்கிற குழாயில் விட்டு வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தண்ணி யாரு ஊத்துனது?"

"நான்தாங்க. விளிம்பெல்லாம் உப்பு ஏறிப் பூ சுருண்டு போச்சு. அலசிவிட்டேன்."

"எப்பச் சுருண்டுச்சு?"

"சாயங்காலம்."

"லைட்டு அணைஞ்சா தினம் அப்படித்தான் பாரதி சுருங்கும். விளிம்புல இருக்கிறது தெறிச்சுக் காய்ஞ்ச தண்ணி." அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வருஷமா நீ பாத்ததே இல்லையா?"

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் கத்தவில்லை. வாளியில் உப்பைக் கரைக்க உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கலக்கினாள். வயலிலிருந்து உப்பை விரட்டி விரட்டி அலுத்த கையால் உப்பை அள்ளிப் போடக் கூசியது. போதுமா என்றாள். ஒரேயடியாக ஏற்றக்கூடாது, நாளைக்குக் கொஞ்சம் என்றார். உப்பு கொல்கிறதா, பிழைக்க வைக்கிறதா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. ராத்திரி விளக்கு அணைந்தால் இன்னும் மோசம். பூ தூங்குகிறதா, போய்விட்டதா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து விரல் வெளியே வந்தது. வெளிறிப்போய்த்தான் இருந்தது. சின்ன மீன் கிட்டே போய் உரசிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. நாகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயபாரதிக்கும் அழுகை வந்தது. இதற்குப் போய் அழுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போனவள், ஒரு டம்ளர் தண்ணியோடு திரும்பி வந்தாள்.

"இதையும் அந்தக் குழாய்ல பாருங்க."

பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எந்தத் தண்ணி இது?"

"நாத்தங்காலுக்கு எறைக்கிற போர் தண்ணி."

"இவ்வளவு உப்பா? எப்போலேருந்து?"

ஜெயபாரதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு வருஷமா நீங்க பாத்ததே இல்லையா?"