மறைப்புச் சுவர்

பழைய நாடகக் கொட்டகையை இடிக்காமல் பங்கு போட்டிருந்தார்கள். கீழே கடைகள், நடுவில் அரங்கம், பால்கனி இருந்த இடத்தில் எட்டு வீடுகள். ஆளுக்கொரு பத்திரம். பாரம் தாங்குகிற சுவர், தூண், கூரை எல்லாம் பொது. ஒருவர் தனியாகக் கை வைக்க முடியாது. வெறும் தடுப்புச் சுவர் என்றால், யார் பகுதியில் நிற்கிறதோ அவருக்கே சொந்தம்.

பத்திரம் தயாரான நாட்களில் ஆவண எழுத்தர் சாரத்துக்குக் கீழே நின்று, "மேஸ்திரி, இது என்ன சுவர்?" என்று கேட்டார். மேஸ்திரியின் சட்டியில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. "மறைப்பு" என்றார். நடிகர்கள் வேஷம் மாற்றும் அறையை மறைப்பதால் வேலையாட்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். பால்கனியின் பாதிப் பாரம் அதன் தலையில் இருப்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. எழுத்தர் 'தடுப்பு' என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வருஷம் கழித்து இன்று காலை, அந்தச் சுவர் நிற்கிற கடையின் சொந்தக்காரர், கடையைப் பெரிதாக்க அதைத்தான் இடிக்கும்படி மேஸ்திரியிடம் சொன்னார்.

"ஐயா, அது தாங்குற சுவர். தொட்டா மேல இருக்கிறது கீழ வந்துடும்."

"பத்திரத்துல தடுப்புன்னு இருக்கு. நீ சொல்லித்தான் எழுதினாங்களாம். இப்ப என்ன புதுக் கதை?"

"நான் வாய் தவறிச் சொன்னது ஐயா. இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"நீ இல்லேன்னா ஊருல ஆளா இல்ல?"

ஆள் ஏற்கெனவே வாசலில் நின்றது, துளைக்கிற மெஷினோடு.

மேஸ்திரி குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசலாம்" என்றார் அவர்.

மேலே இருந்த எட்டு வீடுகளில் ஒன்று மேஸ்திரியின் அக்கா வீடு. அவர் மூச்சிரைக்க மாடி ஏறினார்.

"அக்கா, பிள்ளைங்களோட கிளம்பு."

"எங்கடா? சொந்த வீட்டை விட்டுட்டா? உங்க அத்தான் வரட்டும். சாப்பிட்டியா?"

"கீழ சுவரை இடிக்கப் போறாங்க. அதைத் தடுப்புன்னு எழுத வெச்சது நான்தான்."

"உன் வாயால கெட்டது ஒண்ணா ரெண்டா?" என்று அக்கா சிரித்தாள்.

கீழே மெஷின் உறுமியது. அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. அக்காவின் சிரிப்பு நின்றது. சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியவளை வெளியே தள்ளினாள். கதவைப் பூட்டப் போனாள். தாழ்ப்பாள் துளைக்கு நேராக வரவில்லை; ஒரு விரற்கடை கீழே நின்றது.

"காலையில கூட நல்லாப் பூட்டிச்சேடா..."

"விடுக்கா, திறந்தே கிடக்கட்டும். இறங்கிப் போயிட்டே இரு" என்ற மேஸ்திரி பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டத் தொடங்கினார்.