அழுத்தக் கூடாத ரேசர்

ஸ்டூலில் ஏறி, பரணில் இருந்த காலி டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான், தான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் விரல் முரடன் மேல் பட்டுவிட்டது.

முரடன் என்பது அப்பாவின் பழைய ரேசர். பெயர் வைத்தது அப்பாதான். கையில் எடுத்தால் கனக்கும். பிளேடின் விளிம்பு கொஞ்சம் தாராளமாகவே வெளியே எட்டிப் பார்க்கும். கம்பி போன்ற தாடியை ஒரே இழுப்பில் வழித்துவிடும். அசந்தால் தோலையும் சேர்த்து வழித்துவிடும். அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு வந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பித்த புதிதில், முகவாயில் சின்னதாக ஒரு கீறல் விழுந்தது. காலையில் கசிய ஆரம்பித்த ரத்தம் மத்தியானம் வரை நிற்கவில்லை. துண்டு நனைந்தது, தலையணை நனைந்தது. வெளியூரிலிருந்து அண்ணன் ஓடி வந்தான். வந்தவன் முதல் வேலையாக முரடனைப் பரணில் தூக்கிப் போட்டான். இரண்டாவது வேலையாகப் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். பார்த்தால் அதுவும் அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் பிளேடு உள்ளடங்கி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மறைந்திருக்கும்.

அதற்கு அப்பா வைத்த பெயர் சாமியார். "யாரையும் வெட்டாது. யாருக்கும் பிரயோஜனமும் இல்ல" என்பார்.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு தினமும் அவள்தான் ஷேவ் செய்துவிடுகிறாள். சாமியாரை வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தி இழுத்தாலும் பாதி முடி அப்படியே நிற்கும். மறுபடி நுரை, மறுபடி இழுப்பு. முடித்ததும் அப்பா புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். முகம் சுருங்கும். வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் அவளும் அதைக் கவனிக்காதது போல இருந்துவிடுவாள்.

அப்புறம் தினமும் ஒரே பாட்டுத்தான்.

"ஏம்மா, இன்னிக்காவது முரடன எடேன்."

"நாளைக்குப்பா."

இன்று காலையும் அவர் வழக்கம் போலத்தான் கேட்டார். அவளுக்கும் வழக்கமான பதில்தான் வாய் வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

நேற்று மாலை டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, அவளை வாசல் வரை கூப்பிட்டுச் சொன்னார். "மத்த மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடுங்க. வலிக்கு மட்டும் குடுங்க. அவர் என்ன கேக்கறாரோ அதக் குடுங்க." மருந்துக் கடையில் வேலை செய்கிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபோனில் சொன்னதும் அண்ணன் எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னான். பிறகு, "அப்பாகிட்ட மூச்சு விட்டுடாத. தெரிஞ்சா அந்த பயத்துலயே போயிடுவாரு. நான் நாளைக்கு வந்துடறேன்" என்றான். சொல்லும்போதே அழுதான்.

அவள் மூச்சு விடவில்லை. மூச்சு விடாதது மட்டுமல்ல, பெரிய சாமர்த்தியமே செய்தாள். வழக்கமான மாத்திரைகள் இருந்த இடத்தில் அதே நிறத்தில் சத்து மாத்திரைகளைத் தேடி எடுத்து வைத்தாள். அப்பா இரவும் காலையும் அவற்றை விழுங்கினார். எதுவும் கேட்கவில்லை. நம்மை மிஞ்ச ஆளில்லை என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அவ்வளவு யோசித்தவள், இத்தனை நாள் மறுத்த முரடனை இன்று எடுத்துக் கொடுத்தால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை. முட்டாள், முட்டாள் என்று ஸ்டூலில் நின்றபடியே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

இறங்கிப் போய், பரணில் காணோம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பிவிடுவார். ஆனால் டாக்டர் சொன்ன விதத்தைப் பார்த்தால் இன்னும் ஓரிரண்டு நாள்தான். இனி எப்போது ஒரு முறை சுத்தமாக ஷேவ் செய்துகொள்ளப் போகிறார்? காணோம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ரேசரைக் கழுவி, புது பிளேடு போட்டு, கிண்ணத்தில் வெந்நீரும் கையில் பிரஷுமாக அறைக்குள் வந்தாள். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நிஜமாவே எடுத்துட்டியா?"

"நீங்கதானே கேட்டீங்க?"

"நான் தினமுந்தான் கேக்கறேன்."

அவள் பிரஷை வெந்நீரில் முக்கினாள். "டாக்டர்தான் சொன்னாரு. ரத்தமெல்லாம் இப்ப சரியாயிடுச்சாம். பயமில்லயாம்."

அப்பா வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டைவிட அதிகமாக ஓட்டுகிறவனின் கையைப் பார்த்த மனுஷன். எவன் பயப்படுகிறான், எவன் தெரிந்த மாதிரி நடிக்கிறான் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். இப்போதும் அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பிரஷ் கிண்ணத்தில் மோதி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் கைய விரிச்சிட்டாரா?" என்றார்.

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும், இந்தச் செய்தியை அவருக்குச் சொன்னது தன் கைதான் என்பதை அவளால் தாங்கவே முடியவில்லை.

"நேத்து ராத்திரி மாத்திரை இனிச்சுது" என்றார் அப்பா. "சரி, புது கம்பெனியோ என்னமோன்னு விட்டுட்டேன்."

"அப்பா..."

"தண்ணி ஆறிடப் போகுது. ஆரம்பி."

அவள் நுரையைப் பூசினாள். கன்னம் உள்வாங்கிப் போயிருந்ததால் பிரஷ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ரேசரைக் காதோரம் வைத்தாள். பழக்க தோஷத்தில் சாமியாரை அழுத்துவது போல அழுத்தினாள். அப்பா "ஸ்" என்றார்.

"அழுத்தாத, அழுத்தாத! இது அதில்ல. இதுக்கு வெயிட்டு அதுலயே இருக்கு. நீ புடிச்சுக்கிட்டா போதும், அதுவா போகும். இறக்கத்துல யாராவது ஆக்சிலேட்டர மிதிப்பாங்களா?"

"எனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியாதே."

"தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது நாளே கதவ அறைஞ்சிட்டு எறங்கிப் போனது யாரு?"

"தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினது யாரு?"

அவர் சிரித்தார். நுரைக்குள் உதடு மட்டும் அசைந்தது. "வண்டி போய் நின்ன எடம் அப்படி. போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி. வேற எங்கயாவது மோதியிருந்தா மெதுவா சொல்லியிருப்பேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இந்த முறை ரேசரை லேசாகப் பிடித்தாள். அதன் கனத்திலேயே அது இறங்கியது. மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. சாமியாரிடம் அவள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. போன தடத்தில் தோல் பளிச்சென்று தெரிந்தது.

"ம். அப்படித்தான்" என்றார் அப்பா.

கழுத்துக்கு வந்தாள். கழுத்துதான் அவளுக்கு எப்போதும் பயம். அப்பாவுக்கும் பயம்தான், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகிய வலது கால், எங்கே எது ஆபத்தாகப் போனாலும் தானாக ஒரு மிதி மிதிக்கும். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் மிதிக்கும். இத்தனை மாதமும் சாமியார் தொண்டைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் போர்வைக்குள் அந்தக் கால் கட்டிலின் சட்டத்தைப் போய் அழுத்தும். ஒன்றும் வெட்டாத ரேசருக்கே அந்த மிதி.

அவள் ஓரக்கண்ணால் போர்வையைப் பார்த்தாள். முரடனைக் குரல்வளையின் மேல் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கினாள்.

கால் அசையவில்லை.

மறுபடியும் நுரையைப் பூசி, எதிர்ப்பக்கமாக ஏற்றினாள். அப்பா முகத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்போதும் போர்வை அப்படியே இருந்தது. முகவாயில் மட்டும் கடைசி நேரத்தில் அவள் கை வழுக்கி, கடுகு அளவுக்கு ரத்தம் எட்டிப் பார்த்தது. பதறிப்போய்ப் படிகாரக் கட்டியை எடுத்து அழுத்தினாள்.

"விடு, விடு" என்றார் அவர். புறங்கையை மெதுவாகத் தூக்கி ஒரு கன்னத்தைத் தடவினார். பிறகு மற்றதை. "ஆஹா" என்றார். "எத்தன மாசமாச்சு!"

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இங்க பாரு. எனக்குத் தெரியும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. வழி முழுக்க ஒத்திகை பாத்துக்கிட்டு வருவான், பாவம். அவன் நடிக்கறத நாம கெடுக்கக் கூடாது. நான் போன பிறகும் சொல்லாத."

அண்ணன் மத்தியானம் வந்தான். வாசலிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவன் போலச் சிரித்துக்கொண்டே அறைக்குள் போனான். "என்னப்பா, போன தடவைக்கு இப்ப எவ்வளவோ தேவல! ரிப்போர்ட் எல்லாம் பிரமாதமா இருக்காம். அடுத்த மாசம் என் வீட்டுக்கு வந்துடுங்க. புது கார் வாங்கப் போறேன், நீங்கதான் பாத்து சொல்லணும்" என்றான். அப்பா அக்கறையாக, எந்த நிறம், எந்த கம்பெனி என்று விசாரித்தார். வெள்ளை வேண்டாம், அழுக்கு தெரியும் என்றார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கதவோரம் நின்ற அவள் அதற்கு மேல் கேட்க முடியாமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் அப்பா தூங்கினார். தூக்கத்திலேயே மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அண்ணன் ஒரு கையையும் அவள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மூச்சுக்காக வெகு நேரம் காத்திருந்தார்கள். பிறகு காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று தெரிந்தது.

மறுநாள் காலை வீட்டில் உட்கார இடமில்லை. லாரி ஓட்டுகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், இன்னும் லைசென்ஸ் வாங்காத ஒன்றிரண்டு பேர் என்று தெரு முனை வரைக்கும் மாஸ்டரின் ஆட்கள். "முகம் எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அண்ணன் குனிந்து அப்பாவின் கன்னத்தில் கை வைத்தான். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"வழவழன்னு இருக்கு" என்றான். முகவாயில் இருந்த சின்னக் கீறலை விரலால் தொட்டான். "இது?"

"நான்தான். கை வழுக்கிடுச்சு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கடைசி வரைக்கும் அவருக்கு எதுவும் தெரியாது, இல்ல? கார் கலர் எல்லாம் கேட்டாரே. எனக்கு அது போதும். பயம் இல்லாம போனாரே, அது போதும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். ராத்திரி முழுக்க அழுது கண் வீங்கியிருந்தது. சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"ஆமாண்ணா. பயம் இல்லாமத்தான் போனாரு" என்றாள். பொத்தானைச் சரிசெய்துவிட்டாள்.

வண்டி வந்தது. பின்னால் அப்பாவோடு அண்ணனும் மற்ற ஆண்களும் ஏறிக்கொண்டார்கள். இடம் போதாமல் அவளை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். டிரைவருக்குத் தலை நரைத்திருந்தது. "நானும் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டவன்தான்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பினார்.

தெரு முனை வரை கூட்டத்தோடு ஊர்ந்து போன வண்டி, பெரிய சாலைக்கு வந்ததும் கொஞ்சம் வேகம் பிடித்தது. பாலம் இறங்கியதும் வளைவு. எதிரே ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அவளுடைய வலது கால் தானாக நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

டிரைவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு வேகத்தைக் குறைத்தார்.